வெயிலா கொன்றது? பாலைவனப் பயணமும் நம்மவர் உயிரும்

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் வளைகுடா நாடுகளின் தொழிலாளர் முகாம்களில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், தலையை மூடிக்கொள்ளுங்கள், நிழலில் நில்லுங்கள் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும், சில இடங்களில் எழுத்துப்பிழை மலிந்த தமிழிலும் அது அறிவுரை கூறுகிறது. அத்தாளில் உள்ளது எதுவும் பொய்யன்று. ஆனால் அதில் எழுதப்படாத செய்தி ஒன்று உண்டு. நிழலே இல்லாத இடத்துக்கு, நண்பகலில், தனியொரு வண்டியில் அவனை அனுப்பியவர் யார் என்பதே அது. அறிவுரையைப் படிப்பவன் தொழிலாளி. பயணத்தை முடிவுசெய்பவன் வேறொருவன். அந்த வேறொருவனுக்கு எந்த அறிவிப்புப் பலகையிலும் எந்தத் தாளும் ஒட்டப்படுவதில்லை.

வெயிலில் இறப்பவன் தன் கவனக்குறைவால் இறக்கிறான் என்னும் எண்ணம் நம்மவரிடையேயும் வேரூன்றிவிட்டது. இது பொய். இப்பொய்யால் ஆதாயம் பெறுவோர் பலர். இழப்பவர் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சவூதி அரேபியாவின் வெற்றுப் பாலையில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். ருப் அல் காலி என்று அரபியர் அழைக்கும் அம்மணற்பரப்பு ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர் கொண்டது. தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. தெலங்கானாவிலிருந்து வேலைக்குச் சென்ற இளைஞர் ஒருவரும் அவருடன் சென்ற சூடான் நாட்டுத் தொழிலாளர் ஒருவரும் பணியின் பொருட்டு அதற்குள் சென்றனர். வழிகாட்டும் கருவி செயலிழந்தது. வழி தவறி அலைந்ததில் எரிபொருள் தீர்ந்தது. கைப்பேசியின் மின்கலமும் அடங்கியது. சில நாள்கள் கழிந்தபின் வண்டியின் அருகே தொழுகை விரிப்பின்மேல் அவர்களுடைய உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. செய்தித்தாள்கள் இதை ஒரு நாள் எழுதின. சமூக ஊடகங்கள் ஒரு வாரம் கண்ணீர் வடித்தன. அப்பால் மறந்தனர்.

அவ்விருவரும் செய்த பிழை என்ன? வண்டியை விட்டு அகன்று ஓடவில்லை. வண்டியருகிலேயே இருந்தனர். பாலைவன அறிவு சொல்வதும் அதுதான். அவர்களிடம் இல்லாதவற்றைப் பாருங்கள். உடன்வரும் இரண்டாவது வண்டி இல்லை. கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் பேசுவதற்குச் செயற்கைக்கோள் தொலைபேசி இல்லை. குறித்த மணிக்குள் திரும்பாவிட்டால் உடனே தேடல் தொடங்கச்செய்யும் ஏற்பாடு இருந்திருந்தால் நாள்கள் கடந்திரா. இம்மூன்றில் எதுவும் தொழிலாளி தன் பையிலிருந்து பணம் போட்டு வாங்கவேண்டியதன்று. மூன்றும் வேலைக்கு அனுப்புகின்றவரின் பொறுப்பு. செயற்கைக்கோள் தொலைபேசியின் விலை அவ்வண்டிக்கு மாட்டும் நான்கு டயர்களின் விலையைப் பெரிதும் விஞ்சாது. அமீரகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1997இல் தொடங்கப்பட்ட துரையா நிறுவனம் கால் நூற்றாண்டாக இப்பாலைவனங்களின்மேல் இச்சேவையை வழங்கி வந்திருக்கிறது. எண்ணெய் ஆய்வுக் குழுக்களும் பருந்து வேட்டைக்குச் செல்லும் செல்வந்தர்களும் அதனைக் கையில் வைத்திருக்கிறார்கள். தொலைதூரக் கோபுரத்தைப் பழுதுபார்க்கச் செல்லும் கூலிக்காரனிடம் அது இல்லை. (இதனிடையே ஒரு சொல்: அத்தகைய கருவி உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் விடுமுறையில் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்து வந்துவிடாதீர்கள். முன்னிசைவு இன்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.)

உடலின் கணக்கு எளிது. மனிதத் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடல் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது. காற்று 45 பாகையைத் தொட்டுவிட்டால் கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிறது. காற்று உடலைச் சுடுகிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாதல். அக்கடும் வெயிலில் உழைப்பவனுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகும். உள்நாட்டு வறண்ட பாலையில் அது தோலில் தோன்றுமுன்பே உலர்ந்துவிடுவதால் “எனக்கு வியர்க்கவே இல்லை” என்று அவன் நினைத்துக்கொள்கிறான். தம்மாமிலும் தோகாவிலும் துபாயிலும் கடற்கரை ஈரக்காற்றில் இதற்கு நேர்மாறு. அங்கே வியர்வை வழிகிறது, ஆனால் ஆவியாவதில்லை. எனவே குளிர்விப்பதும் இல்லை. இரண்டுமே கொல்லும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எட்வர்டு அடால்ஃப் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் தம் குழுவினருடன் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து ஆராய்ந்து, 1947இல் நூலாக வெளியிட்டார். அவருடைய முடிவுகள் இன்றும் செல்லுபடியாகின்றன. நிழலில் 49 பாகை வெப்பமுள்ள நாள்களில், தண்ணீர் சிறிதுமின்றி, நடவாமல் நிழலில் கிடப்பவன் ஏறத்தாழ இரண்டு நாள் உயிர் தரிப்பான். பகலில் படுத்திருந்து இரவில் மட்டும் நடந்தாலும் அது ஒரு நாளாகச் சுருங்கும். “எப்படியாவது நடந்து சாலையை அடைந்துவிடலாம்” என்னும் எண்ணமே பலரைக் கொன்றிருக்கிறது. அவர் கண்ட இன்னொரு முடிவு நம்மவர் நம்பிக்கைக்கு எதிரானது. கையிலுள்ள நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்து வைப்பதால் உயிர் நீளாது. நீர் குப்பியில் இருந்து பயனில்லை, உடலில் இருக்கவேண்டும். சேமிக்கவேண்டியது நீரையன்று, வியர்வையை. அதாவது அசையாமல், பேசாமல், முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல், நிழலில் இருக்கவேண்டும். வெக்கை தாளாமல் சட்டையைக் கழற்றுபவன் கதிரவனுக்குத் தன் தோலையே விறகாகக் கொடுக்கிறான்.

மூடிய வண்டிக்குள் அமர்வதும் ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டியின் உள்வெப்பம் இருபது நிமிடத்தில் பதினாறு பாகை அளவுக்கு ஏறிவிடும். வண்டியின் நிழல் விழும் பக்கத்தில் சுடுமணலைச் சற்றுத் தோண்டி அகற்றிவிட்டு, அல்லது இருக்கையைக் கழற்றிப் போட்டு அதன்மேல் இருக்கவேண்டும். மேற்பரப்பு மணலுக்கும் அதற்கு ஒரு முழம் கீழுள்ள மணலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கை வைத்துப் பார்த்தவர் அறிவர். தேடுவோருக்கு அடையாளம் காட்டப் பக்கக் கண்ணாடியைக் கழற்றி ஒளியைத் திருப்பலாம். காற்றை இறக்கிய மாற்று டயரை எரித்தால் எழும் கரும்புகை நெடுந்தொலைவு தெரியும்.

இவையெல்லாம் விபத்து நேர்ந்தபின் செய்யவேண்டியவை. விபத்து நேராமல் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி. அக்கேள்விக்கு வருமுன் நம் வீட்டுக் குப்பையைச் சற்றுக் கூட்டிக்கொள்வோம்.

“நாங்கள் வெயிலிலேயே பிறந்தவர்கள். இராமநாதபுரத்துக்காரனுக்கும் புதுக்கோட்டைக்காரனுக்கும் வெயிலைப் பற்றிப் பாடம் சொல்லாதே!” இவ்வீரப் பேச்சைக் கேளாத முகாம் இல்லை. போர்மேன்களுக்கு இது கற்கண்டு. “மதராசிகள் தாங்குவார்கள்” என்று நம்மவரையே வெயிலுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். உடல் வெப்பத்துக்குப் பழகுவது பிறந்த ஊரைப் பொறுத்ததன்று. கடந்த இரண்டு வாரங்கள் எங்கே, எப்படி உழைத்தோம் என்பதைப் பொறுத்தது. ஏழு முதல் பதினான்கு நாள்கள் சிறிது சிறிதாக வெயிலில் உழைத்தால் உடல் பழகும். விலகியிருந்தால் சில வாரங்களில் அப்பழக்கம் கரைந்துவிடும். இரண்டு மாத விடுமுறையில் மகளின் திருமணத்தை முடித்துவிட்டு ஆடி மாதத்தில் ரியாத்துக்குத் திரும்புபவன், பத்து ஆண்டு அனுபவசாலியானாலும், உடலளவில் புதியவனே. வேலையிடத்தில் வெப்பத்தால் இறப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் நாளிலேயே இறக்கிறார்கள், பத்தில் எழுவர் முதல் வாரத்துக்குள் இறக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் கூறுகிறது. புதியவனுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலையே கொடுக்கவேண்டும், நாளொன்றுக்கு ஒரு பங்கு கூட்டவேண்டும் என்பது அங்குள்ள அறிவியல் பரிந்துரை. நம்மவரோ விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள் முழு வேலைக்கு அனுப்பப்படுகிறார்கள். “எனக்கு ஒன்றும் செய்யாது” என்று சிரித்துக்கொண்டே போகவும் செய்கிறார்கள். அச்சிரிப்பை நாம் வீரமென்று போற்றுவதை இன்றோடு நிறுத்தவேண்டும்.

பாலைவனத்தை உண்மையில் அறிந்தவர்கள் எப்படிப் பயணம் செய்தார்கள்? வெற்றுப் பாலையைக் கடந்த முதல் ஐரோப்பியர் பெர்ட்ரம் தாமஸ். பெதுவின் வழித்துணைகளுடன் 1930 டிசம்பரில் சலாலாவிலிருந்து புறப்பட்டு 1931 பிப்ரவரியில் தோகாவை அடைந்தார். மாதங்களைக் கவனியுங்கள்: குளிர்காலம். ஒட்டகத்தோடு பிறந்து ஒட்டகத்தோடு வாழ்ந்த பெதுவின்கள் கோடையில் கிணற்றடியை விட்டு அகலமாட்டார்கள். அகலநேர்ந்தால் இரவில் அகல்வார்கள். நண்பகலில் பாலையைக் கடப்பது அவர்களுக்கு அறியாமை. ஒப்பந்தப்புள்ளி எழுதுகிறவர்களுக்கு மட்டும் அது வேலைத்திட்டம்.

நம் முன்னோரும் இதை அறியாதவரல்லர். பாலைக்குப் பெரும்பொழுது வேனில் என்றும் சிறுபொழுது நண்பகல் என்றும் உரிப்பொருள் பிரிவு என்றும் வகுத்தது தமிழ் இலக்கணம். பொருள் தேடிப் போகும் தலைவனையும் அவன் கடக்கும் சுரத்தின் கொடுமையையும் எண்ணி வீட்டிலிருப்பவள் வருந்துவதை எத்தனையோ பாடல்கள் சொல்கின்றன. ஆண்டுவிழா மேடைகளில் இதைச் சொல்லி நாம் கைதட்டல் பெறுகிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்தத் தலைவன் எப்போது புறப்படுவது என்பதைத் தானே முடிவுசெய்தான். வேனில் கொடிதென்றால் செலவைத் தவிர்க்கவும் அவனால் முடிந்தது. செலவழுங்குதல் என்று அதற்கொரு பெயரே உண்டு. இன்றைய தொழிலாளியின் கடவுச்சீட்டு இன்னொருவன் இழுப்பறையில் கிடக்கிறது. இக்காமாவைப் புதுப்பிப்பதும் புதுப்பிக்காமல் விடுவதும் கபீலின் கையில் இருக்கிறது. “போகமாட்டேன்” என்ற ஒரு சொல்லுக்கு விலையாக ஊரிலுள்ள கடன் மொத்தமும் அவன் தலையில் வந்து விழும். அவனிடம் போய் நிழலில் நில் என்று தாள் ஒட்டுகிறார்கள்!

“சட்டம் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. 2025 கோடையின் நிலை இது: சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. அமீரகத்தில் அதே மூன்று மாதங்கள், 12.30 முதல் 3 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு முடிய 11 முதல் 4 வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. இவற்றை நாம் இகழவில்லை. இவை பல உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆயினும் இவை கடிகாரத்தைப் பார்க்கின்றன, வெப்பமானியைப் பார்ப்பதில்லை. மே மாத இறுதியில் 47 பாகை அடித்தாலும் தடை பிறக்காது. ஆகஸ்டு இரவில் கடற்கரை ஈரப்பதம் மூச்சை அடைத்தாலும் தடை பிறக்காது. கத்தார் மட்டும் 2021இல் ஒரு படி முன்னே வைத்தது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயிலின் கதிர், காற்றோட்டம் ஆகிய நான்கையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் அளவீடு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த மணியாயினும் வேலை நிற்கவேண்டும் என்றும், வெப்பத்தால் உயிருக்குத் தீங்கென்று கருதும் தொழிலாளி தானே வேலையை நிறுத்தலாம் என்றும் அது விதித்தது. ஒரு நாட்டால் இயன்றது மற்ற நாடுகளுக்கு ஏன் இயலாது?

தடைகளின் வரலாற்றிலும் ஒரு பாடம் இருக்கிறது. அமீரகம் 2005இல் முதன்முறையாக நண்பகல் ஓய்வை அறிவித்தபோது ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 12.30 முதல் 4.30 வரை நான்கு மணி நேரம் என்றிருந்தது. மறு ஆண்டே அது 3 மணியோடு முடிந்துவிடும்படி சுருக்கப்பட்டது. நிறுவனங்களின் நெருக்குதலே காரணம் என்று அப்போதே செய்திகள் வந்தன. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வெயில் குறைந்துவிட்டதா? குறைந்தது நட்டக் கணக்கு மட்டுமே.

இச்சட்டங்கள் அனைத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இவை வேலைத்தளத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை; பயணத்தையன்று. சாரத்தில் நிற்பவனைப் பன்னிரண்டு மணிக்கு இறக்கிவிடும் சட்டம், அதே மணியில் குளிரூட்டி பழுதான பிக்கப்பில் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிச்செல்பவனைக் கண்டுகொள்வதில்லை. எல்லைச் சாவடியில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் சரக்குந்து ஓட்டுநரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. 2009 ஜூனில் அமீரகத்துக்கும் சவூதிக்கும் இடையிலான குவைஃபாத் எல்லையில் பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சரக்குந்துகள் நாள்கணக்கில் தேங்கி நின்றதை அங்கிருந்த நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். டீசலை மிச்சப்படுத்தக் குளிரூட்டியை அணைத்துவிட்டு ஓட்டுநர் அறையிலேயே உறங்குபவன் ஒரு தகரப் பெட்டிக்குள் உறங்குகிறான். அவனுக்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு பொருந்தும்?

எல்லாருக்கும் கீழே ஒருவன் இருக்கிறான்: ஆடும் ஒட்டகமும் மேய்க்க மணலுக்குள் விடப்பட்டவன். ஓட்டுநர் வேலை என்று சொல்லியோ கடைச் சிப்பந்தி வேலை என்று சொல்லியோ அழைத்துச் செல்லப்பட்டுப் பாலைவனக் கொட்டகைகளில் தள்ளப்பட்டவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. மலையாளத்தில் 2008இல் பென்யாமின் எழுதிய ‘ஆடுஜீவிதம்’ 2024இல் திரைப்படமாக வந்தபோது நம்மவரும் கண்கலங்கிப் பார்த்தனர். ஆனால் சவூதி அரசு 2021இல் தொழிலாளர் இடமாற்றச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது அதிலிருந்து விலக்கப்பட்ட தொழில்களில் மேய்ப்பர் தொழிலும் ஒன்று என்பதை எத்தனைபேர் கவனித்தோம்? வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், காவலாளி, இல்லப் பணியாளர் ஆகியோரும் அவ்வாறே விலக்கப்பட்டனர். வெப்பத்தில் மிகத் தனியாக இருப்பவர்களுக்கே சட்டத்தின் நிழல் மிகக் குறைவு.

வெப்பம் ஆள்பார்த்துக் கொல்வதில்லை என்பார்கள். ஆள் பார்த்துத்தான் கொல்கிறது. 2024ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் மக்காவில் வெப்பம் 51 பாகையைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதி பெறாதவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். அதே வெயில், அதே வழி, அதே நாள். குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் யாருக்கு இருந்தன, யாருக்கு இல்லை என்பதே பெரும்பாலோரின் முடிவைத் தீர்மானித்தது. அனுமதியின்றிச் சென்றது தவறென்றே வைத்துக்கொள்வோம். அத்தவறுக்குத் தண்டனை மரணமா?

உடன் இருப்பவன் வெயிலில் தடுமாறினால் செய்யவேண்டியது என்ன என்பதைப் பலரும் தலைகீழாகவே அறிந்திருக்கிறார்கள். பேச்சுக் குளறினால், நடை தள்ளாடினால், காரணமின்றிச் சினந்தால், அது மயக்கமன்று, வெப்பத்தாக்கு. உடலின் உட்சூடு 40 பாகையைத் தாண்டிவிட்டது. வேலை செய்துகொண்டிருந்தவனுக்குத் தோல் வியர்த்தே இருக்கலாம். “வியர்க்கிறதே, ஒன்றுமில்லை” என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவ ஊர்தியை அழையுங்கள்: சவூதியில் 997, அமீரகத்தில் 998, கத்தாரில் 999, குவைத்தில் 112. அழைத்துவிட்டுக் காத்திராதீர்கள். முதலில் குளிர்வித்தல், பிறகே கொண்டுசெல்லுதல். கிடைக்கும் நீர் முழுவதையும் அவன் உடல்மீது ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். தொட்டி இருந்தால் தலை மூழ்காமல் பிடித்து அதில் இறக்குங்கள். நினைவிழந்தவன் வாயில் நீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள்; இது காய்ச்சலன்று. வெறும் விசிறி மட்டும் போதும் என்றும் நினையாதீர்கள். நனைக்காத உடலின்மேல் 45 பாகைக் காற்றை வீசுவது அடுப்பை ஊதுவதற்கு ஒப்பாகும். நலமாக இருக்கும்போதும் தாகம் வரட்டுமென்று காத்திராமல் கால் மணிக்கு ஒரு குவளை வீதம் குடியுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவேண்டா. உப்புச்சத்து இறங்கி அதுவே வேறொரு ஆபத்தாகிவிடும். நாள் முழுதும் உழைப்பவனுக்கு ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த கரைசல் உதவும்.

இனி, இவ்வளவுக்கும் பிறகு ஒருவன் இறந்துவிட்டால் என்ன எழுதுகிறார்கள்? “இயற்கை மரணம்.” “மாரடைப்பு.” “இதயச் செயலிழப்பு.” இறக்கும் எவனுடைய இதயமும் நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்பதல்லவா கேள்வி? வளைகுடா நாடுகளில் ஆண்டுதோறும் தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் சேர்ந்த பத்தாயிரம் தொழிலாளர்கள்வரை இறக்கலாம் என்றும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் இறப்புக்கு உண்மைக் காரணம் விளக்கப்படுவதே இல்லை என்றும், மனித உரிமை அமைப்புகள் சில சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. 2009 முதல் 2017 வரை கத்தாரில் இதயநோயால் இறந்ததாகக் குறிக்கப்பட்ட 571 நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் ஓர் இதயவியல் ஆய்விதழில் வந்த கட்டுரை, வெப்பத்திலிருந்து காத்திருந்தால் அவர்களுள் இருநூறு பேர்வரை பிழைத்திருக்கலாம் என்று கணித்தது. இளைஞர்களின் இதயம் கோடையில் மட்டும் ஏன் கூடுதலாக நிற்கிறது என்று கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை.

அந்த ஒற்றைச் சொல்லில்தான் குடும்பத்தின் வாழ்வு தொங்குகிறது. பணியால் நேர்ந்த இறப்பு என்றால் கத்தார் சட்டப்படி இழப்பீடு இரண்டு இலட்சம் ரியால். இயற்கை மரணம் என்றால் பெட்டியும் விமானச் செலவும். சில வேளை சக தொழிலாளர் திரட்டிய சிறு தொகை. இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா திட்டம் பத்து இலட்சம் ரூபாய் கொடுக்கிறது. ஆனால் அது விபத்து இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்குமே. “இயற்கை” என்ற முத்திரை விழுந்ததும் அக்கதவும் சாத்திக்கொள்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு நான்கு இலட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. வரவேற்கிறோம். ஆனால் அதே மாநிலத்தான், அந்த மாநிலத்தின் ஊர்களுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பியவன், அதைவிடக் கடும் வெயிலில் வளைகுடாவில் விழுந்தால் அவன் சாவு பேரிடருமன்று, விபத்துமன்று, இயற்கை! வேலூரில் கொல்லும் வெயிலுக்குப் பெயர் பேரிடர் என்றால் தம்மாமில் கொல்லும் வெயிலுக்குப் பெயர் என்ன? அயலகத் தமிழர் நலனுக்கென்று துறை இருக்கிறது, வாரியம் இருக்கிறது, ஜனவரி 12இல் விழாவும் எடுக்கிறார்கள். அவ்விழா மேடையில் இக்கேள்விக்கு விடை சொல்லப்படட்டும். தூதரகங்களும் வந்த சான்றிதழை வாங்கி முத்திரை குத்தி உடலை ஏற்றிவிடும் அஞ்சலகங்களாக இருப்பதை விட்டு, கோடையில் இறந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் வெப்பம் காரணமா என்று மருத்துவமனையை எழுத்தில் கேட்கட்டும். கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அதுவரை நம் கையில் உள்ளதை நாம் செய்யவேண்டும். நெடும்பாலைக்குப் போகச் சொன்னால் மறுத்துச் சண்டையிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. சண்டையிடும் நிலையில் பெரும்பாலோர் இல்லை. கேள்வியாகக் கேளுங்கள், அதுவும் எழுத்தில்: “இரண்டாம் வண்டி உண்டா? செயற்கைக்கோள் தொலைபேசி உண்டா? ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் நீர், மூன்று நாளுக்கு, வண்டியில் ஏற்றியாயிற்றா? எத்தனை மணிக்குள் நான் திரும்பாவிட்டால் யார் தேடத் தொடங்குவார்?” பணிவாக, “ஐயா” போட்டே கேளுங்கள். விடை வந்தாலும் வராவிட்டாலும் கேள்வி பதிவாகிவிடும். போகும் வழியையும் திரும்பும் மணியையும் முகாமிலுள்ள ஒருவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவன் நீங்கள் திரும்பும்வரை உறங்காமல் இருக்கட்டும்.

நேரக்கூடாதது நேர்ந்துவிட்டால், உடல் ஊருக்குப் புறப்படுமுன், உடனிருந்தோர் நால்வர் கூடி ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாக அவன் எங்கே அனுப்பப்பட்டான், எந்த மணிக்கு, எந்த வண்டியில், அதில் குளிரூட்டி ஓடிற்றா, எத்தனை லிட்டர் நீர் இருந்தது, விடுமுறையிலிருந்து திரும்பி எத்தனை நாளாயிற்று, அன்றைய வெப்பம் எவ்வளவு, அனுப்பியவர் யார். வெப்பநிலையை வானிலைத் துறையின் பதிவிலிருந்து பின்னரும் எடுத்துவிடலாம். மற்றவை உங்கள் நினைவில் மட்டுமே இருப்பவை. ஒரு வாரத்தில் மங்கிவிடும், ஒருவர் பணி மாறிவிட்டால் அடியோடு தொலைந்துவிடும். அத்தாளைப் படமெடுத்துக் குடும்பத்தாருக்கும் தூதரகத்துக்கும் அனுப்புங்கள். அனுப்பியவரின் ஆணை பெரும்பாலும் வாட்ஸப்பில் குரல்பதிவாக வந்திருக்கும். இறந்தவனின் கைப்பேசியை நிறுவனத்தாரிடம் ஒப்படைக்குமுன் அதனை நகலெடுத்து வையுங்கள்.